வீட்டில் நொதிக்கும் பீர்: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் வீட்டிலேயே பீர் தயாரிக்கிறார் என்று ஊரில் சொல்லிப் பாருங்கள். "ஐயோ, கண்ணு போயிடாதா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் நடந்ததையும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்ததையும் யாரும் மறந்துவிடவில்லை. கள்ளக்குறிச்சியில் மட்டும் கள்ளச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். "உரிமம் இல்லாமல் வீட்டில் செய்த மது" என்றாலே மனசு அங்கே போய் நிற்பது இயல்புதான்.

ஆனால் நொதித்தல், வடித்தல், விஷக் கலப்படம் என்ற மூன்று வெவ்வேறு விஷயங்களை நாம் ஒன்றாக்கிப் பேசிக்கொண்டிருக்கிறோம். அதனால் தேவையில்லாத இடத்தில் பயம் வருகிறது. உண்மையிலேயே பயப்பட வேண்டிய இடத்தைப் பற்றியோ யாரும் வாய் திறப்பதில்லை. இங்கிலாந்தில் பல வருஷமாக இதைப் பொழுதுபோக்காகச் செய்பவன் என்ற முறையில், பானைக்குள் என்ன நடக்கிறது என்பதை அடிப்படையிலிருந்து சொல்லிவிட நினைக்கிறேன். வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை. இட்லி மாவு புளிக்க வைத்திருந்தால் போதும்.

## மாவு பொங்குவதும் பீர் பொங்குவதும்

இரவு அரைத்து வைத்த மாவு காலையில் பாத்திரத்தின் விளிம்புவரை ஏறி நிற்கிறது. மாவில் இருக்கும் நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியே விட்டிருக்கின்றன. அமிலத்தால் புளிப்பு, வாயுவால் பொங்கல். உளுந்தின் கொழகொழப்பு அந்த வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று வேறொரு பொருளாக மாற்றும் இந்த வேலைக்குத்தான் நொதித்தல் என்று பெயர்.

பீரிலும் நடப்பது இதுதான். ஆனால் வேலைக்கு வரும் ஆள் வேறு. மாவில் பெரும்பாலும் பாக்டீரியா. பீரில் ஈஸ்ட், அதாவது ஒரே செல்லால் ஆன பூஞ்சை. அது சர்க்கரையைத் தின்றால் கரியமில வாயுவோடு அமிலத்துக்குப் பதில் ஆல்கஹால் வருகிறது. எடைக்கணக்கில் பார்த்தால் சர்க்கரையில் ஏறக்குறையப் பாதி ஆல்கஹாலாகவும் பாதி வாயுவாகவும் பிரிகிறது.

இரண்டாவது வித்தியாசமும் முக்கியம். மாவில் என்னென்ன நுண்ணுயிர் இருக்கிறது என்று நாம் பார்ப்பதில்லை. அரிசியோடும் உளுந்தோடும் வந்ததை நம்பி விட்டுவிடுகிறோம். பீரில் அப்படி விட முடியாது. எல்லாவற்றையும் கொன்றுவிட்டு, நமக்கு வேண்டிய ஒரே ஓர் ஈஸ்ட்டை மட்டும் உள்ளே விட வேண்டும். வீட்டு பீரில் வரும் சிரமத்தில் பெரும்பங்கு இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

கள்ளும் வைனும் பீரும் இந்த நொதித்தலோடு நின்றுவிடுபவை. அதற்கு மேலே போய், நொதித்த திரவத்தைச் சூடாக்கி, அதிலிருந்து எழும் ஆவியைக் குளிர்வித்துச் சேர்த்தால் அது வடித்தல். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் ஆவியில் ஆல்கஹால் கூடுதலாக இருக்கும். சாராயம், விஸ்கி, பிராந்தி, ரம் எல்லாம் இப்படி வந்தவை. ஸ்காட்லாந்தின் மால்ட் விஸ்கியும் தொடக்கத்தில் ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ போடாத பீர்தான். அதை வடித்த பிறகுதான் விஸ்கி.

ஆக, வீட்டு பீரில் நொதித்தல் மட்டும்தான், வடித்தல் கிடையாது. அடுப்பில் கொதிக்க வைப்பது ஒரு கட்டத்தில் வரும். அது ஆல்கஹால் உருவாவதற்கு முன்பே முடிந்துவிடும்.

## தானியத்துக்குள் சர்க்கரை எங்கே இருக்கிறது?

திராட்சையில் சர்க்கரை தயாராக இருக்கிறது. பனையின் பதநீரிலும் இருக்கிறது. பார்லியில் இருப்பது மாவுச்சத்து. அது சர்க்கரை மூலக்கூறுகள் நீளமாகக் கோத்துக் கிடக்கும் சங்கிலி. ஈஸ்ட்டால் அந்தச் சங்கிலியைக் கடிக்க முடியாது. யாராவது முதலில் வெட்டிக் கொடுக்க வேண்டும்.

அதை வெட்டும் கத்தி விதைக்குள்ளேயே இருக்கிறது. விதை முளைக்கும்போது, குருத்துக்கு உணவு தேவைப்படுவதால், மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டும் என்சைம்களை அது தயாரிக்கிறது. என்சைம் என்பது ஒரு குறிப்பிட்ட வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் புரதம். உங்கள் எச்சிலிலும் இதே வகை என்சைம் உண்டு. வெறும் சோற்றை வாயில் போட்டு நிதானமாக ஒரு நிமிஷம் மென்றால் மெல்ல இனிக்கத் தொடங்குவது அதனால்தான்.

பார்லியை ஊற வைத்து, முளை விட்டதும் சூடான காற்றில் உலர்த்தி நிறுத்திவிடுகிறார்கள். என்சைம் தயார், மாவுச்சத்தும் இன்னும் தீரவில்லை என்ற கட்டம் அது. இந்த முளைகட்டி உலர்த்திய தானியம்தான் மால்ட். ஹார்லிக்ஸில் இருப்பதும் இதே பார்லி மால்ட்தான். மால்ட்டை வீட்டில் தயாரிக்கத் தேவையில்லை. பிரிட்டனில் எல்லாரும் கடையில் உடைத்ததாகவே வாங்கிக்கொள்கிறோம்.

அப்புறம் நம் வேலை தொடங்குகிறது. உடைத்த மால்ட்டைச் சூடான தண்ணீரில் ஊற வைப்பதற்கு மாஷ் என்று பெயர். தண்ணீரும் மால்ட்டும் சேர்ந்த பிறகு வெப்பநிலை 65 முதல் 68 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அப்படியே ஒரு மணி நேரம். என்சைம்கள் உறக்கம் கலைந்து வெட்டத் தொடங்கும். 75 டிகிரிக்கு மேலே போனால் அவை சீக்கிரமே செயலிழந்துவிடும். அதன்பிறகு எத்தனை மணி நேரம் வைத்தாலும் சர்க்கரை வராது.

இந்த ஒரு மணி நேரம் எனக்கு மிகப் பிடித்தது. தொடக்கத்தில் ஒரு கரண்டி எடுத்து ஊதிக் குடித்தால் மாவு கரைத்த தண்ணீர் போலத்தான் இருக்கும், கலங்கலாக, சப்பென்று. இருபது நிமிஷம் கழித்து அதே பானையிலிருந்து எடுத்தால் இனிக்கிறது. ஒரு மணி நேர முடிவில் கரண்டிப் பிடியில் வழிந்தது விரலில் ஒட்டுகிறது. கலங்கல் தெளிந்து தேன் நிறம் வந்திருக்கிறது. வீடு முழுக்க ஹார்லிக்ஸ் வாசம். ஒரு சிட்டிகை சர்க்கரைகூட நாம் போடவில்லை. அவ்வளவும் தானியத்துக்குள் இருந்தது.

இந்த இனிப்புத் திரவத்துக்கு வோர்ட் என்று பெயர். மாஷ் வெப்பநிலை 65 பக்கம் இருந்தால் ஈஸ்ட் எளிதில் தின்னக்கூடிய சிறு சர்க்கரைகள் கூடுதலாக வரும், பீர் லேசாக இருக்கும். 68 பக்கம் போனால் ஈஸ்ட்டால் தின்ன முடியாத பெரிய துண்டுகள் மிஞ்சும், வாயில் கனம் தெரியும். ஒரே மால்ட்டை வைத்து 3 டிகிரியில் இரண்டு வகை பீர் செய்யலாம் என்பது தெரிந்தபோதுதான் ஒரு நல்ல வெப்பமானிக்கு ஏன் காசு செலவழிக்க வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது.

## கொதியும் கசப்பும்

சக்கையை எடுத்துவிட்டு வோர்ட்டை ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கிறோம். முதல் பலன், உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் சாகின்றன. என்சைம்களும் நின்றுவிடுகின்றன. புரதம் திரிந்து கீழே படிகிறது. வேக வைத்த சோளத்தின் வாடை தரும் ஒரு கந்தகப் பொருளும் ஆவியோடு வெளியேறுகிறது. அதனால்தான் பானையை மூடாமல் கொதிக்க விடுகிறோம்.

ஹாப்ஸ் போடுவதும் இந்தக் கட்டத்தில்தான். ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பெண் பூ. பச்சை நிறத்தில் சிறு கூம்பு மாதிரி இருக்கும். தாவரக் குடும்பத்தில் கஞ்சாவுக்குச் சொந்தம், ஆனால் கஞ்சாவின் போதைப் பொருள் இதில் இல்லை. இங்கிலாந்தின் கென்ட், ஜெர்மனியின் ஹாலர்டாவ், செக் நாட்டின் ஜாட்டெட்ஸ், அமெரிக்காவின் யாக்கிமா பள்ளத்தாக்கு ஆகியவை ஹாப்ஸுக்குப் பேர்போன இடங்கள்.

பூவில் இருக்கும் பிசின் தண்ணீரில் லேசில் கரையாது. நெடுநேரம் கொதித்தால் அதன் வடிவம் மாறிக் கரைந்து கசப்பாகிறது. வாசனை எண்ணெய்களோ கொதித்தால் பறந்துவிடும். ஆகவே கசப்புக்கு ஒரு பங்கைக் கொதியின் தொடக்கத்திலும் மணத்துக்கு ஒரு பங்கை அடுப்பை அணைக்கும் நேரத்திலும் போடுவது வழக்கம். கசப்பு இல்லாவிட்டால் பீர் திகட்டும். அதோடு, பீரைக் கெடுக்கும் பல பாக்டீரியாக்களை ஹாப்ஸ் வளர விடுவதுமில்லை.

பீர் பாட்டில் ஏன் பழுப்பு நிறத்தில் இருக்கிறது என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. ஹாப்ஸின் கசப்புப் பொருள் மேல் வெயில் பட்டால் அது உடைந்து சகிக்க முடியாத ஒரு கந்தக வாடை பிறக்கும். பழுப்புக் கண்ணாடி அந்த ஒளியைப் பெருமளவு தடுக்கிறது.

இதுவரை ஆல்கஹால் ஒரு துளிகூடக் கிடையாது. தானியத்தின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, கொதிக்க வைத்துச் சுத்தமாக்கி, கசப்பு சேர்த்திருக்கிறோம். குழந்தை குடித்தால்கூடப் போதை வராது, கசக்கிறது என்று துப்பிவிடும், அவ்வளவுதான்.

## ஈஸ்ட்டின் முறை

1516-இல் பவேரியாவில் ஒரு சட்டம் வந்தது. பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் ஆகிய மூன்றைத் தவிர பீரில் வேறெதுவும் சேர்க்கக் கூடாது என்றது. அதில் ஈஸ்ட் இல்லை. அது ஓர் உயிர் என்பதே அன்றைக்கு யாருக்கும் தெரியாது. நொதித்தல் என்பது உயிருள்ள செல்களின் வேலை என்பதை 19-ஆம் நூற்றாண்டில் லூயி பாஸ்டர் நிலைநாட்டினார். 1883-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் செல்லைப் பிரித்தெடுத்து, அதிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டினார். இன்றைக்கு நாம் கடையில் 11 கிராம் பொட்டலமாக வாங்குவது அந்த வேலையின் தொடர்ச்சிதான்.

கொதித்த வோர்ட்டைக் குளிர்ந்த தண்ணீரில் பானையோடு இறக்கி, 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஜாடிக்கு மாற்றி, ஈஸ்ட்டைத் தூவுகிறோம். இந்த நிமிஷத்திலிருந்து கவனம் இரட்டிப்பாக வேண்டும். கொதியில் எல்லாம் செத்துவிட்டது. இனிமேல் வோர்ட்டைத் தொடும் கரண்டி, ஜாடி, மூடி, புனல், வெப்பமானி எதுவாக இருந்தாலும் கிருமிநீக்கம் செய்திருக்க வேண்டும். கழுவுவது வேறு, கிருமிநீக்கம் வேறு. முதலில் அழுக்குப் போகத் தேய்த்துக் கழுவ வேண்டும். அப்புறம் கிருமிநாசினி கலந்த தண்ணீரில் நனைக்க வேண்டும். அழுக்கு இருக்கும் இடத்தில் கிருமிநாசினி வேலை செய்யாது.

ஜாடியின் வாயில் ஏர்லாக் பொருத்துகிறோம். பாதி தண்ணீர் நிரப்பிய வளைந்த சிறு குழாய் அது. உள்ளே உண்டாகும் வாயு தண்ணீர் வழியாகக் குமிழியாக வெளியேறும், வெளிக்காற்று உள்ளே வராது. ஒரு நாளைக்குள் மேலே நுரை திரளும். கண்ணாடி ஜாடியாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஈஸ்ட்டின் வெளிர் கட்டிகள் அடியிலிருந்து மேலே ஏறி, வாயுவை உதறிவிட்டு, மறுபடி கீழே இறங்கும். அடுப்பே இல்லாமல் மொத்தத் திரவமும் புரண்டுகொண்டிருக்கும். ஏர்லாக் சில விநாடிக்கு ஒருமுறை "ப்ளப்" என்று அடிக்கும்.

இங்கே கைகட்டி நிற்க முடியாத ஒரே விஷயம் வெப்பநிலை. குளிர்காலத்தில் மாவு பொங்காது என்பது லண்டனிலும் டொரண்டோவிலும் இருக்கும் எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் தெரியும். ஈஸ்ட்டுக்கும் குளிர் ஆகாது, ஆனால் பீரில் சூடுதான் பெரிய எதிரி. பிரிட்டனில் பரவலாக இருக்கும் ஏல் வகை பீருக்கு 18 முதல் 22 டிகிரி வேண்டும். லாகர் வகைக்கு 8 முதல் 13 டிகிரி. இந்தியாவில் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் லாகர். சூடு அதிகமானால் ஈஸ்ட் அவசரப்படும். வாழைப்பழ வாசமும் பெயின்ட் தின்னர் மாதிரி ஒரு காரமும் வரும். நொதித்தலே சூட்டை உண்டாக்குவதால் ஜாடியின் உள்ளே அறையைவிட ஓரிரு டிகிரி கூடுதலாகவே இருக்கும்.

அப்படியென்றால் சிங்கப்பூர் மாதிரி ஊரில் என்ன செய்வது? அதற்கு நார்வேயிலிருந்து ஒரு பதில் கிடைத்திருக்கிறது. மேற்கு நார்வேயின் பண்ணை வீடுகளில் க்வெய்க் என்ற ஈஸ்ட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் மர வளையங்களில் அதைத் தடவிக் காயவைத்து, அடுத்த முறைக்குப் பத்திரப்படுத்துவார்கள். அது 30 முதல் 40 டிகிரியில்கூடச் சுத்தமான சுவையோடு நொதிக்கிறது. குளிர் நாட்டுப் பண்ணைகள் காப்பாற்றி வைத்த ஈஸ்ட், வெப்ப நாட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. பெரிய கம்பெனிகள் எதுவும் கண்டுகொள்ளாத காலத்திலும் அந்தக் குடும்பங்கள் அதை விடாமல் வைத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை வருகிறது.

## எவ்வளவு ஆல்கஹால் என்று எப்படித் தெரியும்?

"வீட்டில் செய்வது, எவ்வளவு ஏறும் என்றே சொல்ல முடியாது" என்பார்கள். சொல்ல முடியும். சர்க்கரை கரைந்த தண்ணீர் வெறும் தண்ணீரைவிட அடர்த்தியானது. ஹைட்ரோமீட்டர் என்ற மிதக்கும் கண்ணாடிக் குழாய் அந்த அடர்த்தியைக் காட்டும். வெறும் தண்ணீரில் 1.000. ஈஸ்ட் போடுவதற்கு முன் நம் வோர்ட்டில் 1.046 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரம் கழித்து 1.011. சர்க்கரை குறைந்திருக்கிறது, அந்த அளவுக்கு ஆல்கஹால் வந்திருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.035. அதை 131-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 4.6. அதுதான் பீரில் ஆல்கஹாலின் சதவீதம். கடையில் விற்கும் சாதாரண பீரின் அளவு இது.

இந்தக் கருவியை வாங்காமல் தொடங்காதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வேன். காரணம் சதவீதம் மட்டும் இல்லை, கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

## சரி, கண் போகுமா?

கள்ளச்சாராயச் சாவுகளுக்குக் காரணம் மெத்தனால். மதுவில் இருக்க வேண்டிய ஆல்கஹால் எத்தனால். மெத்தனால் அதன் நெருங்கிய உறவு, பார்வைக்கும் மணத்துக்கும் கிட்டத்தட்ட அதே மாதிரி. அது தொழிற்சாலைகளில் கரைப்பானாகவும் மூலப்பொருளாகவும் பயன்படும் ரசாயனம். உடம்புக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைச் சிதைக்கும், உயிரையும் எடுக்கும். மரக்காணத்திலும் கள்ளக்குறிச்சியிலும் நடந்தது நொதித்தலில் வந்த கோளாறு அல்ல. தொழிற்சாலை மெத்தனால் மதுவாகக் கைமாறி ஏழைகளின் வயிற்றுக்குள் போனது. அது கொலைபாதகம். அதை ஒரு சமையல் பிழை போலப் பேசுவது இறந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

நொதித்தலில் மெத்தனாலே வராதா என்றால், வரும், மிகச் சொற்பமாக. பழத்தோலிலும் சதையிலும் இருக்கும் பெக்டின் உடையும்போது அது உண்டாகிறது. ஜாம் கெட்டியாவதற்குக் காரணமான அதே பெக்டின். பார்லியில் அது மிகக் குறைவு. எனவே பீரில் இருக்கும் மெத்தனால் உடம்பை எதுவும் செய்யாத அளவில்தான் இருக்கும். வீட்டில் நொதித்தாலும் ஆலையில் நொதித்தாலும் அதே கதைதான்.

கெட்டுப்போன பீர் விஷமாகுமா என்பது அடுத்த கேள்வி. கிருமி புகுந்தால் புளிக்கும், நாறும், வினிகராக மாறும். ஆனால் முறையாக நொதித்து முடிந்த பீரில் ஆல்கஹால் இருக்கிறது, அமிலத்தன்மை இருக்கிறது, ஹாப்ஸ் இருக்கிறது, ஆக்சிஜன் இல்லை. நோய் உண்டாக்கும் கிருமிகள் அதில் தங்குவது மிகக் கடினம். கெட்ட பீரைக் கொட்டிவிட வேண்டியதுதான், மனசு வலிக்கும்.

அதற்காக பீர் உடம்புக்கு நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆல்கஹாலைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. வீட்டில் செய்ததற்கு அதில் விலக்கு ஒன்றும் கிடையாது. குடிப்பழக்கத்தோடு போராடுபவர் இருக்கும் வீட்டில் இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சமையலறையில் எப்போதும் பத்துப் பாட்டில் இருப்பது அவர்களுக்குச் செய்யும் கொடுமை.

## நிஜமான ஆபத்து பாட்டிலில்

பீரில் குமிழி எப்படி வருகிறது? ஜாடியில் உண்டான வாயுவில் பெரும்பகுதி ஏர்லாக் வழியே போய்விட்டது. அதனால் பாட்டிலில் ஊற்றும்போது லிட்டருக்குச் சுமார் 6 கிராம் சர்க்கரை சேர்த்து, மூடியை இறுக்கிவிடுகிறோம். மிஞ்சியிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்னும். இம்முறை வாயுவுக்கு வெளியே போக வழியில்லை, பீரிலேயே கரையும். இரண்டு வாரத்தில் பாட்டிலுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 3 மடங்காகிவிடும்.

இப்போது ஹைட்ரோமீட்டருக்கு வருவோம். 1.011-இல் முடிய வேண்டிய பீரை, ஏர்லாக் அடிப்பது நின்றுவிட்டதே என்று 1.020-இலேயே பாட்டிலில் அடைத்தால் என்ன ஆகும்? நாம் அளந்து போட்ட சர்க்கரையைப் போலச் சுமார் 3 மடங்கு சர்க்கரை ஏற்கெனவே உள்ளே ஒளிந்திருக்கிறது. ஈஸ்ட் அதையும் விடாது. பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில்லு அறை முழுக்கப் பறக்கும். கண்ணைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான்.

தடுப்பது எளிது. ஏர்லாக்கை நம்பாதீர்கள், அளவை நம்புங்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து, எண் மாறாமல் இருந்தால் மட்டுமே பாட்டிலில் அடைக்கலாம். சர்க்கரையைக் கண்மதிப்பில் போடாமல் தராசில் நிறுக்க வேண்டும். மெல்லிய கண்ணாடி பாட்டில், அலங்காரச் சதுர பாட்டில் எதுவும் கூடாது. பீருக்கென்றே செய்த கனமான பாட்டில் வேண்டும். சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டில் இன்னும் நல்லது. அமுக்கிப் பார்த்தாலே அழுத்தம் தெரிந்துவிடும். ஜாடி நொதித்துக்கொண்டிருக்கும்போது காற்றுப் புகாமல் இறுக்கி மூடுவதும் இதே ரகத்து ஆபத்துதான்.

இன்னொன்று கொதிக்கும் வோர்ட். ஹாப்ஸ் போடும் நேரத்தில் நுரை சட்டென்று பொங்கி வழியும். சர்க்கரைப் பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுடும், தண்ணீர் போல வழிந்து போகாது. குழந்தைகளை அந்த நேரம் அடுப்பங்கரைப் பக்கம் விடாதீர்கள்.

சுருக்கமாகச் சொன்னால், விஷம் என்ற பயத்தை இறக்கி வைத்துவிட்டு, அந்தக் கவனத்தை அழுத்தத்தின் மேலும் கொதியின் மேலும் வையுங்கள்.

## முதல் முறைக்கு ஒரு கணக்கு

சின்னதாகத் தொடங்குவது நல்லது. கடைகளில் 23 லிட்டர் பீர் தரும் டப்பா கிட் கிடைக்கும். அதில் மாஷ் வேலையே இல்லை, கெட்டியாக்கிய வோர்ட் தயாராக இருக்கும். தண்ணீர் கலந்து ஈஸ்ட் தூவினால் ஆயிற்று. கேவலமாக ஒன்றும் இல்லை, பலரும் அப்படித்தான் நுழைந்தார்கள். ஆனால் புரிந்துகொள்ள வேண்டும் என்றால், 4.5 லிட்டர் ஜாடியில் தானியத்திலிருந்தே செய்து பாருங்கள் என்பேன். 7 லிட்டர் தண்ணீரை 70 டிகிரிக்குச் சூடாக்கி, 1 கிலோ உடைத்த பேல் (வெளிர் நிற) மால்ட்டைத் துணிப்பையில் போட்டு இறக்கினால் வெப்பம் 67-க்கு வந்து நிற்கும். பானையைக் கம்பளியால் சுற்றி ஒரு மணி நேரம் வைத்து, பையைத் தூக்கி வடியவிட்டு, கொதிக்க வைக்க வேண்டும். தொடக்கத்தில் கென்ட் பகுதியின் கோல்டிங்ஸ் வகை ஹாப்ஸ் 10 கிராம், அணைக்கும்போது 5 கிராம். ஆறியதும் அரைப் பொட்டலம் ஈஸ்ட். துணிப்பை முறையை ஆஸ்திரேலியப் பொழுதுபோக்காளர்கள்தான் பிரபலமாக்கினார்கள். தனித்தனியாக மூன்று பாத்திரம் வாங்க வேண்டிய செலவை அது ஒழித்துவிட்டது.

இரண்டு வாரம் ஜாடியில், இரண்டு வாரம் பாட்டிலில். ஊற்றும்போது ஒரே வீச்சில் ஊற்றி, அடியில் படிந்திருக்கும் ஈஸ்ட் கலங்குவதற்குள் நிறுத்திவிடுங்கள். பீரில் வெண்ணெய் வாடை வந்தால் ஈஸ்ட்டுக்கு இன்னும் சில நாள் கொடுத்திருக்க வேண்டும். பச்சை ஆப்பிள் வாடைக்கும் பெரும்பாலும் அதே மருந்துதான். வினிகர் வாடை வந்தால் காற்றும் கிருமியும் புகுந்திருக்கிறது, ஜாடியையும் குழாயையும் பாருங்கள்.

## சட்டம் எங்கே என்ன சொல்கிறது

பிரிட்டனில் 1880 முதல் வீட்டு பீருக்கு உரிமம் தேவைப்பட்டது. 1963-இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை நீக்கினார். சொந்த உபயோகத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம், விற்கக் கூடாது. அமெரிக்காவில் 1933-இல் மதுவிலக்கு முடிந்தபோது வீட்டு வைனுக்குக் கிடைத்த விலக்கு பீருக்குக் கிடைக்கவில்லை. 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகுதான் கூட்டாட்சி அளவில் வழி பிறந்தது. அங்கே பெரியவர் ஒருவருக்கு வருஷத்துக்கு 100 கேலன், ஒரு வீட்டுக்கு 200 கேலன் என்பது வரம்பு. கடைசியாக மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-இல்தான் ஒத்துக்கொண்டன. அமெரிக்காவின் சிறு பீர் ஆலைகள் பலவற்றைத் தொடங்கியவர்கள் இப்படி வீட்டில் கற்றுக்கொண்டவர்களே. கலிபோர்னியாவில் சியரா நெவாடா ஆலையைத் தொடங்கிய கென் கிராஸ்மன் அதற்கு முன் வீட்டு பீர் சாமான் கடை நடத்தியவர்.

சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர்கள் தங்கள் உபயோகத்துக்கு, ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்வரை நொதிக்க வைக்கலாம். விற்கவும் கூடாது, வடிக்கவும் கூடாது. வடிப்பதைப் பொறுத்தவரை பிரிட்டனும் அமெரிக்காவும்கூட அதே கண்டிப்புதான். பீருக்கு அனுமதி இருக்கிறது என்பதற்காக அடுப்பில் குழாய் பொருத்தினால் குற்றம்.

தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது எதையும் தயாரிக்க முடியாது, பீர் என்றாலும் சொந்தக் குடி என்றாலும் விதிவிலக்கு இல்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் சொன்ன செய்முறை சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் இருப்பவர்களுக்கானது. ஊரில் இருப்பவர்கள் மாஷ் வரைக்கும் செய்து பார்க்கலாம், அதில் ஆல்கஹால் இல்லை. முளைகட்டிய பார்லி, ஒரு வெப்பமானி, ஒரு மணி நேரம் இருந்தால் தானியம் இனிப்பாக மாறுவதை நாக்கிலேயே தெரிந்துகொள்ளலாம். ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், வைத்திருந்தால் அது தானாகவே நொதிக்க ஆரம்பித்துவிடும்.